சாவு வீட்டுச் சீட்டுக்கு ஓர் அனுமதி

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஒரு மனிதரைச் சாகடித்துவிட்டேன்.

பேனாவால்தான். ஆனாலும் மதியத்துக்குள் அவர் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

பதறாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் மனு எழுதும் கர்வம் தெரியும். எங்கள் யாங்கோன் க்யிம்யிண்டைங் தெருவில் மின்சார மீட்டர் தாறுமாறாக ஓடினாலும் சரி, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டாலும் சரி, மேல்மாடிக்காரர் துணி பிழிந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாலும் சரி... என்னிடம்தான் வருவார்கள். பர்மியில் மனு எழுத ஸயாமாவை விட்டால் ஆள் இல்லை என்று பேர். ஸயாமா என்றால் டீச்சரம்மா. டியூஷன் எடுத்துப் பிழைக்கிறேன். மனு எழுதுவது இலவச சர்வீஸ். இலவசம் என்பதால் எழுதியதை யாரும் இரண்டாவது தடவை படித்துப் பார்ப்பதில்லை. அதுதான் வினையாகப் போனது.

நான் சாகடித்தவர் தங்கவேல் அண்ணன். வயது அறுபத்து மூன்று. பர்மியர்கள் பெரியவர்களின் பெயருக்கு முன்னால் மரியாதையாக 'ஊ' சேர்ப்பார்கள் இல்லையா? அதனால் தெருவுக்கு அவர் ஊ வேலு. ஆற்றுத் துறையில் படகிலிருந்து இறங்கும் வாழைத்தார்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே அக்கா கல்யாணமாகித் தமிழ்நாட்டுக்குப் போய், கடிதம் நின்று பல வருஷம் ஆகிறது.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் இங்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும்.

இங்கே சாவு வீட்டில் சீட்டு ஆடுவார்கள்.

முகம் சுளிக்காதீர்கள். ஏழாம் நாள் காரியம் முடிகிறவரை துக்க வீட்டைத் தனியாக விடக்கூடாது என்பது பர்மியர் வழக்கம். சும்மா உட்கார்ந்து எத்தனை மணி நேரம்தான் கண் கலங்க முடியும்? அதனால் வாசலில் டேபிள் போட்டுச் சீட்டாட்டம். பெரும்பாலும் பதிமூன்று சீட்டு — கைக்கு வருகிற பதிமூன்றையும் மூன்று வரிசையாக அடுக்கி, போக்கர் கணக்கில் ஒப்பிடுவது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தவர் வீட்டுப் பங்கு என்று ஒரு சின்னத் தொகையை டப்பாவில் போடுவார். அந்த டப்பா துக்க வீட்டுக்குப் போய்விடும். பெட்டி வாங்க, சோறு போட, வாடகை கொடுக்க என்று எத்தனையோ வீடுகளை அந்த டப்பா தாங்கியிருக்கிறது. எங்கள் தமிழ் வீடுகளிலும் இது எப்போதோ ஒட்டிக்கொண்டது. உள்ளே அம்மாக்கள் அழுதுகொண்டிருப்பார்கள், வெளியே ஏழு எட்டுப் பேர் சீட்டு பிடித்திருப்பார்கள். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை.

அந்த டேபிள்கள் வேலு அண்ணனுடையவை. மடக்கு டேபிள் ஆறு, பிளாஸ்டிக் ஸ்டூல் நாற்பது, தார்ப்பாய் ஒன்று. முப்பது வருஷமாக எங்கள் தெருவில் சாவு என்றால் முதலில் டாக்டர், அடுத்து வேலு அண்ணன். வாடகை வாங்கமாட்டார். தான் சீட்டைத் தொடமாட்டார். குடித்துவிட்டு வந்தவனை உட்கார விடமாட்டார். நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றவனைத் தோளில் கைபோட்டு எழுப்பி, டீ வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார். டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் அந்த வீட்டின் மூத்த பெண்மணி கையில் கொடுத்துவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

இப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு துக்க வீட்டில் ஸ்டூல் அடுக்கும்போது மூன்று தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தது டோ சான் யீ. தெருமுனை டீக்கடைக்காரம்மா. பெண்களுக்கு 'டோ' போட வேண்டும். இந்த அம்மாவுக்கு இரண்டு தடவை போட்டாலும் தகும். அண்ணனைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது அவர்தான்.

இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு. ஆபரேஷன் உடனே செய்யவேண்டும், தள்ளிப்போட்டால் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிடைத்த தேதி பதினைந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. அன்று வந்து படுக்கவேண்டும். வார்டு ஆபீஸில் பதிவான குடும்பப் பட்டியல், அடையாள அட்டை, முன்பணம் மூன்றும் வேண்டும்.

முதல் இரண்டும் அண்ணனிடம் இருந்தன. மூன்றாவது இல்லை.

நாங்கள் தெருவில் வசூல் பண்ணுகிறோம் என்றோம். கேட்டாரா மனிதர்? தான் யாரிடமும் கை நீட்டியதில்லை, இந்த வயதில் ஆரம்பிக்கப் போவதும் இல்லை என்றார். கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். செத்துப்போனால் யார் அடைப்பது என்றார். ஆபரேஷன் செய்தால் ஏன் சாகப்போகிறீர்கள் என்று கேட்டேன். எழுந்து போய் ஸ்டூல்களைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் டப்பா கொடுத்தவர், தன் முன்னால் ஒரு டப்பா வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன அர்த்தம்?

டோ சான் யீதான் யோசனை சொன்னார். காசாகக் கொடுத்தால்தானே வாங்கமாட்டார்? அவருக்காக ஒரு சீட்டு மேளா நடத்துவோம். பகலில், இரண்டு மூன்று நாள், பதிமூன்று சீட்டுப் போட்டி. வீட்டுப் பங்கு முழுக்க ஆபரேஷனுக்கு. சீட்டு டப்பாவின் மரியாதை அவருக்குத் தெரியும், அதை மறுக்கமாட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அனுமதி மட்டும்தான் பாக்கி. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைக்கிறீர்கள்? சட்டப்படி இங்கே பணம் வைத்துச் சீட்டாடக் கூடாது. இப்போதெல்லாம் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே கேள்வி வருகிற காலம் வேறு. சாவு வீட்டுக்கு மட்டும் வார்டு ஆபீஸில் கண்ணை மூடிக்கொள்வார்கள். முன்பு வாய்வார்த்தையாக இருந்தது. இப்போது எங்கள் வார்டில் அதற்கும் ஒரு ஃபாரம் அடித்து வைத்திருக்கிறார்கள்.

வார்டு ஆபீஸ் கிளார்க் மா தந்தா சின்னப் பெண். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, மூன்று ரப்பர் ஸ்டாம்புக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். என் பழைய டியூஷன் மாணவி. சமாச்சாரத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள்.

சாவு வீட்டுக்கு ஃபாரம் இருக்கிறதாம். நோயாளி வீட்டுக்கு இல்லையாம்.

"அப்போ அவர் செத்தா நீ அனுமதி கொடுப்ப, சாகாம இருக்கறதுக்குக் கொடுக்கமாட்ட. அதானே?" என்று கேட்டேன்.

பாவம், அவள் முகம் சிவந்துவிட்டது. விதி அப்படித்தான் இருக்கிறது ஸயாமா என்றாள். வேறு ஏதோ வார்டில் நோயாளி பெயரைச் சொல்லி மாதக்கணக்கில் சூதாட்ட கிளப்பே நடத்தினார்களாம். நோயாளியைப் பார்த்தவரே கிடையாதாம். சாவு என்றால் ஏழு நாளில் முடிந்துவிடும். நோய்க்கு முடிவு தேதி உண்டா? யோசித்துப் பார்த்தால் விதி போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் வேலு அண்ணனைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சரி, இருக்கிற ஃபாரத்தையே கொடு, கூடவே விளக்கமாக ஒரு மனு இணைக்கிறேன், வார்டுத் தலைவர் படித்துவிட்டு முடிவு பண்ணட்டும் என்றேன். கொடுத்தாள்.

இங்கேதான் என் கர்வம் வேலை செய்தது.

மனுவை உருகி உருகி எழுதினேன். இரண்டு பக்கம். படித்தால் கல்லும் கரையும். அதற்கப்புறம் ஃபாரத்தை எடுத்தேன். முதல் கட்டம்: இறந்தவர் பெயர். ஊ தங்கவேல் என்று எழுதினேன். கை கூசியது. உடனே பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, 'இன்னும் இல்லை' என்று சேர்த்தேன். அதாவது, இன்னும் இறக்கவில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! விலாசம், எத்தனை நாள், எத்தனை டேபிள் எல்லாம் எழுதி, ஒரு குண்டூசி குத்தி, திங்கட்கிழமை மாலை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். மா தந்தா நாற்காலியில் இல்லை. மேஜைமேல் வைத்து, பேப்பர் வெயிட்டையும் தூக்கி வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் குண்டூசி என்ன ஆனது, என் இரண்டு பக்க மனு எந்த ஃபைலுக்குள் போனது... இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை ஆபீஸில் யாரோ அந்த ஃபாரத்தை மட்டும் பார்த்து, நோட்டீஸ் போர்டுக்கு டைப் அடித்திருக்கிறார்கள். 'இன்னும் இல்லை' என்பதை அடைப்புக்குறியோடு விட்டுவிட்டார்கள். வார்டுவாசி ஊ தங்கவேல் காலமானதை முன்னிட்டு அன்னாரது இல்லத்தில் மூன்று நாள் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கூட அனுமதிக்கப்படுகிறது. கீழே ஸீல். யாரோ அதைப் போனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்ப, அவர்கள் நாற்பது பேருக்கு அனுப்ப...

பதினொரு மணிக்கு, நான் வெளியே டியூஷனில் இருந்தபோது, டோ சான் யீ போன் செய்தார். வழக்கமாகக் கத்திப் பேசுகிறவர். அன்று, உடனே ஊ வேலு வீட்டுக்கு வா என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு உயிரே போய்விட்டது. மூன்று மாதத்துக்கு முன் தைத்துப் போட்ட செருப்பு மறுபடி பிய்ந்துவிட, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

போய்ப் பார்த்தால், வாசல் நிறையக் கூட்டம். அண்ணனுடைய டேபிளையே விரித்து, அண்ணனுடைய ஸ்டூலையே போட்டு, அண்ணனுடைய தார்ப்பாயையே கட்டிவிட்டார்கள். நடுவில், துவைத்த லோஞ்சிக் கைலியும் கை வைத்த பனியனுமாக அண்ணன் நின்று, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் நிலைமையைச் சொல்லவேண்டும். அழுதுகொண்டே வாசலுக்கு வருவார்கள். அண்ணனைப் பார்ப்பார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருவர் அண்ணன் காலைக் குனிந்து பார்த்தார் — தரையில் படுகிறதா என்று. ஷ்வேப்யிதாவில் தையல் ஃபாக்டரியில் வேலை பார்க்கிற பெண் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். துக்க வீட்டில் கொடுக்கிற விசிறி அச்சடிக்கும் கடைக்காரர் எத்தனை விசிறி வேண்டும் என்று கேட்க வந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

மாவ்பியிலிருந்து ஒரு அம்மா வந்தார். இரண்டு பஸ் மாறி, கூடையில் புளிச்சக்கீரையோடு. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் குடியிருந்தபோது அவர் புருஷன் இறந்துபோனார். அன்றைக்கு டேபிள் போட்டது வேலு அண்ணன். அந்த அம்மா அண்ணனைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை அழாதவர், அப்போதுதான் அழுதார். என் பிள்ளைகள் சோறு தின்றது இவர் கொடுத்த டப்பாவில்தான், போய்ச் சொல்லாமல் விட்டோமே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் அடித்துக்கொண்டேன் என்று பக்கத்திலிருந்த எல்லோரிடமும் சொன்னார்.

அண்ணன் கீரைக்கூடையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, இன்னொரு டம்ளர் தண்ணீர் எடுத்து வந்தார்.

வந்தவர்கள் எல்லோரும் பணம் போட்ட கவர் கொண்டுவந்திருந்தார்கள். இங்கே துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள். ஆள் உயிரோடு இருக்கிறாரே என்று தெரிந்த பிறகும், கொண்டுவந்த கவரை என்ன செய்வதென்று புரியாமல் டேபிள்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நான் ஒரு மூலையில் ஒண்டி நின்றேன். என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தங்கச்சி, மூணு நாள்தானா போட்டிருக்கீங்க?" என்றார். "நம்ம ஆளுகளுக்குப் பதினாறு நாளுல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டேன். இந்த வயதில், தெரு பார்க்க, பிய்ந்த செருப்பும் கையுமாக.

"யாபாதே, யாபாதே" என்று முதுகில் தட்டினார். பரவாயில்லை என்று அர்த்தம். தமிழில் ஆறுதல் சொல்ல ஆரம்பித்து, பாதியில் பர்மிக்குப் போய்விடுவது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

அழுகை நின்ற பிறகுதான் அண்ணன் விஷயத்துக்கு வந்தார். வார்டு ஆபீஸில் செத்தவர் என்று எழுதிவிட்டால், குடும்பப் பட்டியலில் பேரை அடித்துவிடுவார்கள். பட்டியலில் பேர் இல்லாத ஆளை எந்த ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளும்?

எனக்கு அது தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது என்றால்... வெள்ளிக்கிழமையை அவரும் நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பிழைக்க ஆசை இல்லாதவரில்லை. கேட்கத்தான் தெரியவில்லை.

ஸைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து வார்டு ஆபீஸுக்குப் போனோம். மா தந்தா அண்ணனைப் பார்த்து ஒரு நொடி வாயைப் பொத்திக்கொண்டாள். டவுன்ஷிப் ஆபீஸுக்குப் போகிற தபால் கட்டைப் பிரித்து, அண்ணன் பேர் போட்ட தாளைத் தேடி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். இருந்தது. மூன்று மணிக்கு ஆள் வந்து எடுத்துப் போவானாம். அப்போது மணி இரண்டேகால்.

தாளை உருவி வெளியே வைத்துவிட்டு, ரத்து செய்கிற ஃபாரத்தை எடுத்தாள். அதற்கும் ஒரு ஃபாரம் இருக்கிறது, பாருங்கள்.

காரணம் என்று ஒரு கட்டம். அவள் என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். இந்த முறை நான் பேனாவைத் தொடுவதாக இல்லை.

"இறக்கவில்லைன்னு எழுதும்மா" என்றார் அண்ணன். எழுதினாள். அவரே கையெழுத்துப் போட்டார். ஸீல் விழுந்தது. அதோடு சீட்டு அனுமதியும் போனது. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகு டேபிள் போட வழியில்லை அல்லவா? வார்டுத் தலைவர் உள் அறையிலிருந்து வந்து, தனக்கும் வருத்தம்தான், ஆனால் தன்னால் முடியாது என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பொய்யாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஸைக்காவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் பேர் இருந்தது. அடையாள அட்டை இருந்தது. மூன்றாவதுக்கு இருந்த ஒரே வழியை நானே அடைத்துவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை காலை ஏழரை மணி. டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் அண்ணன் வருகிறார், கையில் துணிப்பை. பை நிறையக் கவர்கள். ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பேர் எழுதியிருந்தது. சாகாதவன் துக்கப் பணம் வாங்கினால் அது ஏமாற்று, திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றார்.

என்ன சொல்லித் தடுப்பது? பின்னாலேயே போனேன்.

யாங்கோனைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கட்டிடங்களில் லிஃப்ட் கிடையாது. செங்குத்தான மாடிப்படி. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும், நுனியில் ஒரு கிளிப். கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர், கீரை, கரண்ட் பில் எல்லாம் அதில் மாட்டினால் மேலே போய்விடும்.

படியேற முடியாத அண்ணன் முதல் கட்டிடத்தின் கீழே நின்று, மூன்றாம் மாடிக் கயிற்றை இழுத்தார். கவரை கிளிப்பில் மாட்டினார். கயிறு மேலே போனது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. கயிறு கீழே வந்தது... கவரோடு.

மறுபடி மாட்டி இழுத்தார். மறுபடி இறங்கியது. இந்தத் தடவை கவரோடு இரண்டு வாழைப்பழம்.

அடுத்த கட்டிடம். அதற்கடுத்தது. மேலே போன கவர்கள் எல்லாம் வரிசையாகக் கீழே வந்தன. ஒரு வீட்டில் கயிற்றை மேலே சுருட்டியே வைத்துக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில், நேற்று வர முடியவில்லை என்று ஒரு புதுக் கவரையும் சேர்த்து இறக்கினார்கள்.

காரணம் இதுதான். துக்க வீட்டுக்குக் கொடுத்த பணம் திரும்பி வாசல்படி ஏறக்கூடாது. ஏறினால் சாவையும் கூடக் கூட்டிவரும் என்று தெருவில் நம்பிக்கை. இதை முப்பது வருஷமாக ஒவ்வொரு சாவு வீட்டிலும் கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தவர் யார்? சாட்சாத் வேலு அண்ணன்தான்.

"அது சாவு வீடே இல்லையேம்மா" என்று அண்ணன் கடைசியில் டீக்கடை வாசலில் நின்று கெஞ்சினார்.

டோ சான் யீ கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை நோட்டீஸில் கவர்ன்மென்ட் ஸீல் இருந்ததா, இல்லையா? ரத்து ஆனது ரெண்டேகால் மணிக்கு. அதுவரைக்கும் அது சாவு வீடுதான். நான் கவர் கொடுத்தது காலை பதினொன்றரைக்கு."

நான் எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு பாயிண்ட் என் பேனாவில் வந்ததே இல்லை.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். காலையில் கொண்டுபோனதைவிடக் கனமாக இருந்தது அது. நான் டீயை ஆற்றி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"முப்பது வருசமா சாவு வீட்டுல உக்காந்திருக்கேன், தங்கச்சி" என்றார். "ஒரு மனுசனைப் பத்தி நல்ல வார்த்தை பூராவும் அங்கதான் பேசுறாங்க. படுத்திருக்கிறவருக்கு ஒண்ணுகூடக் காதுல விழாதேன்னு எனக்கு அடிச்சுக்கும். டேபிளைப் போட்டுட்டு அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பேன்." பைமேல் கை வைத்தார். "நேத்து எனக்கு விழுந்துச்சு."

டீயைக் குடித்தார். ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை போனோம். போர்வை, பிளாஸ்க், குடும்பப் பட்டியல், அடையாள அட்டை, முன்பணத்தோடு துணிப்பை. உள்ளே அழைத்துப்போகும் முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். இத்தனை சாவைப் பார்த்தவர் அதை மறைக்காமல் சொன்னது எனக்கு ஏனோ தைரியமாக இருந்தது.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். வராந்தாவில் எங்கள் தெருவில் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தோம். சீட்டுக் கட்டு இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், எல்லோரும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டியபோது டோ சான் யீ என்னை அடித்தார். சந்தோஷத்தில்தான். தோளில் இன்னும் வலி இருக்கிறது.

நேற்று போய்ப் பார்த்தேன். கஞ்சி குடிக்கிறார். பக்கத்துக் கட்டில்காரருக்கு, மாத்திரை வேண்டாமென்று அடம்பிடித்தவருக்கு, தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறவர்களெல்லாம் அவரிடம் நேருக்கு நேராகவே நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மனிதர் கூச்சத்தில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறார். மூடிக்கொண்டாலும், காது மட்டும் வெளியே இருக்கிறது.

எனக்கு ஒன்றுதான் மனதில் நிற்கிறது. அந்த மாவ்பி அம்மாவுக்கு எட்டு வருஷமாக அதே இரண்டு பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கோ பஸ்ஸே வேண்டாம். அண்ணன் வீடு மூன்றாவது வாசல். நாங்கள் எல்லோரும் அவரைப் போய்ப் பார்க்க, ஒரு தப்பான நோட்டீஸ் தேவைப்பட்டிருக்கிறது. உங்களுக்கும் அப்படி யாராவது இருப்பார்கள். எழுந்து போய்விட்டு வாருங்கள்.

உயிரோடு இருக்கிறவரைப் போய்ப் பார்க்க எந்த ஃபாரமும் வேண்டாமாம் — வார்டு ஆபீஸில் விசாரித்துவிட்டேன்.